வீட்டில் ஓடும், வீதியில் நிற்கும்

மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் அதன் வேகத்தைப் பற்றிக் கதைப்பார்கள். எனக்குக் கதைக்கக் கிடைத்ததெல்லாம் அது நின்ற இடங்கள்தான். பம்பலப்பிட்டியில் நின்றது. கொள்ளுப்பிட்டிச் சந்தைக்கு முன்னால் மீன் கூடைகளுக்கு நடுவில் நின்றது. காலிமுகத்திடலில் கடலைப் பார்த்தபடி, காற்று வாங்க வந்ததுபோல நின்றது. கொட்டாஞ்சேனையில் எந்தக் கடைக்காரர் எத்தனை மணிக்குக் கதவுப் பலகையைக் கழற்றுவார் என்பது எனக்கு மனப்பாடம். அவர்கள் வாசலில் குந்தியிருந்து நான் பிளக் கழற்றாத நாள் குறைவு. அங்கே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சிங்களவர் ஒருவர் என்னைக் கண்டதும் "ஆயெத், மாத்தயா?" என்பார், திரும்பவும் நின்றுவிட்டதா என்று. அவர் இரக்கத்தில் கேட்டாரா பகிடிக்குக் கேட்டாரா என்பது எனக்குக் கடைசிவரை தெரியாது.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்த காலம் அது. நான் கோட்டையில் ஓர் ஏற்றுமதிக் கந்தோரில் கிளார்க்காக இருந்தேன். தேங்காயெண்ணெயும் கொப்பராவும் கப்பலில் ஏற்றுகிற கந்தோர். வத்தளையில் ஒரு ஸ்டோர், கொட்டாஞ்சேனையில் இன்னொன்று. காலையில் இரண்டுக்கும் போய், முதல் நாள் கட்டி வைத்த சரக்கின் நிறைச் சீட்டுகளை வாங்கி, பத்து மணிக்கு முன் கோட்டைக்குக் கொண்டு வர ஓர் ஆள் தேவைப்பட்டார். அந்தச் சீட்டு வந்தால்தான் கப்பலுக்குரிய கடதாசிகளை எழுதலாம். சீட்டுப் பிந்தினால் கடதாசி பிந்தும், கடதாசி பிந்தினால் சரக்கு துறைமுகத்தில் கிடக்கும், கப்பல் அதன் பாட்டில் போய்விடும்.

கந்தோர்த் துரை என்னைக் கூப்பிட்டார். சொந்தமாக மோட்டார் சைக்கிள் இருந்தால் அந்த வேலை எனக்கு என்றார். ஆறு மாதம் பார்ப்பார்கள், சரிவந்தால் நிரந்தரம். நான் தலைகால் புரியாமல் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த திங்கட்கிழமையே என் பழைய மேசையில் வேறொருவர் இருந்தார். திரும்பிப் போய் உட்கார இடமில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இடமில்லை என்று சொல்வது முழுக்கச் சரியில்லை. ஓர் இடம் இருந்தது. அதுதான் பயம். மாமனார் யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தார். ஆண் பிள்ளை இல்லாதவர். 'கொழும்பு உத்தியோகம் சரிவராவிட்டால் இங்கே வந்து கொட்டிலைப் பார்க்கலாம்' என்பது அவருடைய ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி. நலம் விசாரிக்க மறந்தாலும் அந்த வரியை மறக்கமாட்டார். என்னைவிட என் மனைவிக்குத்தான் அந்த வரி பயம்; அதைக் கண்டால் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிடுவாள். தகப்பனுடைய வீட்டில் அவள் சத்தமாகச் சிரித்ததில்லை. அங்கே பெண்கள் சிரித்தால் அவர் செருமுவார். வெள்ளவத்தையில் எங்களுக்கு இருந்தது இரண்டு அறையும் ஒரு குசினியும், பின்பக்கம் ஒரு துண்டு சிமெந்து முற்றமும்தான். ஆனால் அங்கே அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பின்னேரத்தில் ரயில் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போவோம். அலை காலை நனைத்தால் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்துவாள். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது.

மோட்டார் சைக்கிள் பட்டாளத்தார் கழித்து விட்டது. பச்சைப் பெயின்ற் அடித்து, மேலெல்லாம் கீறல் விழுந்து, பின்பக்கப் பைகளில் சேறு காய்ந்தபடி வந்தது. அதை வாங்கச் சல்லி எங்கிருந்து வந்தது என்ற கதையை விட்டுவிடுகிறேன். நான் அதை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"என்னப்பா, இதுவும் யுத்தத்துக்குப் போய் வந்ததோ?"

"ஓம். காயம் ஒண்டும் இல்லையாம்."

"வெளியில தெரியாத காயமும் இருக்கும்," என்றாள்.

அன்று வெள்ளிக்கிழமை. அவள் தலை முழுகி, சந்தனக்கட்டையைக் கல்லில் உரைத்து எடுத்து வந்தாள். முன் விளக்கில் திருநீறு பூசினாள். சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். பிறகு பொட்டு வைக்க இடம் தேடினாள். பெற்றோல் தாங்கியின் மூடி வட்டமாக, நடுவில் சிறிது பள்ளமாக, அந்தப் பள்ளத்தின் நடுவில் ஊசிக்குத்துப்போல ஓர் அடையாளத்தோடு இருந்தது. நெற்றியில் பொட்டு வைக்கிற இடத்தை அளந்து செய்து அனுப்பியதுபோலத்தான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. சந்தனத்தை அதில் வைத்து விரலால் அமுக்கி, நடுவில் குங்குமம் இட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். என்ன வேண்டினாள் என்று கேட்டேன். "இது நிக்காமல் ஓடவேணும் எண்டுதான். வேறென்ன?" என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் நான் புறப்படுவதற்கு முன்னால் பழைய பொட்டின் மேல் புதிய பொட்டு விழும்.

மூன்றாவது வாரம் அது முதன்முதலாக நின்றது. கொள்ளுப்பிட்டிக்குப் போகும்வரை ஒரு குறையும் இல்லை. பிறகு இரண்டு தரம் இருமியது, மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். பெற்றோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தேன். இருந்தது. மூடினேன். பிளக்கைக் கழற்றினேன். கரி பிடித்திருந்தது. சாண்ட் பேப்பரால் தேய்த்து, வாயால் ஊதி, திரும்பப் பூட்டி உதைத்தேன். ஓடியது. பிளக்கில்தான் பிழை என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் வத்தளை வரை பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். பாட்டு முடிவதற்குள் களனிப் பாலத்தில் நின்றது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் என்னுடையவை இல்லை. கோழி கூவ எழும்பி முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தால், மத்தியானச் சோறு ஆறிப்போன பிறகுதான் எழும்புவேன். வெள்ளவத்தைக் கடற்காற்று இரும்பைத் தின்னும். ஒரு கிழமை துடைக்காமல் விட்டால் செயினில் செம்மண் பூசியதுபோலக் கறள் ஏறிவிடும். ஆகவே முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் முழுவதையும் துடைப்பேன். சில்லுக் கம்பி ஒவ்வொன்றாக. பிறகு செயினைக் கழற்றி எண்ணெயில் ஊறப் போடுவேன். தாங்கியைத் துடைக்கும்போது மட்டும் கை மெதுவாகப் போகும். பொட்டில் மண்ணெண்ணெய் படக்கூடாது. அதைச் சுற்றி வளைத்துத்தான் துடைப்பேன். அந்தக் கவனத்தில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

கார்பரேட்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் துண்டு துண்டாகப் பரப்பி வைப்பேன். பெற்றோல் வரும் செம்புக் குழாயை ஊதிப் பார்ப்பேன். மெக்னெற்றோவின் மூடியைத் திறந்து, நெருப்புப் பொறி வருகிறதா என்று பார்க்கப் போய்க் கையில் அடி வாங்குவேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். ஒரு வாரம் குழாயில் தூசி. ஒரு வாரம் வயர் தளர்வு. ஒரு வாரம் பிளக் பழசு, புதிது போட்டேன். எல்லாவற்றையும் பூட்டி முடித்து உதைத்தால் அது முதல் உதையிலேயே எழும்பும். அரை மணித்தியாலம் முற்றத்தில் நின்றபடி உறுமும். மேல்வீட்டார் யன்னலைச் சாத்துவார்கள். வீட்டில் ஓடும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

மனைவி அதற்கு என் இரண்டாந்தாரம் என்று பேர் வைத்திருந்தாள். "உங்கட இரண்டாந்தாரத்துக்கு இண்டைக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டபடி தேத்தண்ணி கொண்டு வருவாள். அதற்கு நான் சில நாள் சிரிப்பேன். சில நாள் ஸ்பனரைத் தூக்கி எறிவேன். எனக்குக் கோபம் வரும் என்பதை மறைத்து என்ன பயன். வண்டியில் காட்ட முடியாத கோபத்தை அவளிடம் காட்டிய நாட்களும் உண்டு. அவள் ஸ்பனரை எடுத்துத் துடைத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஓர் அதிசயத்தையும் சொல்லவேண்டும். தாங்கியில் பெற்றோல் குறைவாக இருந்தால் அது அதிக தூரம் ஓடியது. நிரப்பிக்கொண்டு போனால் சீக்கிரம் நின்றது. இதை நான் கவனித்தேன். கவனித்து, என் புத்திக்கு எட்டியபடி, நிறைந்த தாங்கியின் பாரம் குழாயை அமுக்குகிறது என்று ஒரு காரணமும் கற்பித்தேன். இன்னொன்றும் கவனித்தேன். நின்ற இடத்தில் மூடியைத் திறக்கும்போது சில நேரம் 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். யுத்தத்துக்குப் போய்க் களைத்த வண்டி பெருமூச்சு விடுகிறது என்று வீட்டில் வந்து பகிடியாகச் சொன்னேன். அவளும் சிரித்தாள். நாங்கள் இருவரும் அந்தப் பெருமூச்சை வைத்து ஒரு கிழமை சிரித்தோம்.

கந்தோரில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டாம் மாதம் ஒருநாள் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். துரை ஒரு கடிதம் தந்தார். நான்காம் மாதம் இன்னொரு நாள்; இன்னொரு கடிதம். மூன்றாவது கடிதம் எச்சரிக்கையாக இருக்காது என்று மரியாதையான இங்கிலீஷில் சொன்னார். என் கையிலிருந்த கரியைப் பார்த்துவிட்டு, கைகொடுக்க நீட்டிய கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

கொட்டாஞ்சேனை ஸ்டோருக்குப் பக்கத்தில் லொறி திருத்துகிற முஸ்லிம் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதுக்காரர். அண்ணன் முறைக்கு நான் நானா என்று கூப்பிடுவேன். கைநாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி எஞ்சின்மேல் கையை வைத்துக் காது கொடுத்துக் கேட்பார். இரண்டாவது கடிதம் வந்த அன்று வண்டியை அவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். முதலில் பெற்றோல் மூடியை ஓரத்தில் இரண்டு விரலால் பக்குவமாகப் பிடித்துத் திறந்து உள்ளே பார்த்தார். அதைப் பொட்டுக் கலையாமல் ஒரு சுத்தமான துணியில் வைத்தார். பிறகு நான் ஞாயிறு தோறும் செய்ததையெல்லாம் அவரும் செய்தார். என்னைவிட வேகமாக, என்னைவிட நன்றாக. மூடியைப் பூட்டிவிட்டு, ஏறி, கொட்டாஞ்சேனையைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்து வந்தார்.

"தம்பி, இதுல ஒரு பிழையும் இல்ல. சும்மா பூ மாதிரி ஓடுது. நீங்க பயந்து பயந்து ஓட்டுறீங்க, அதுக்கும் பயம் புடிச்சிரிக்கி."

"நானா, நான் பயப்பிடுறது அது நிக்கிறதாலைதான்."

"நிக்கிற நேரத்துல கொண்டு வாங்க. ஓடுற வண்டியில நான் என்னத்தப் பாக்கிற?"

நியாயமான பேச்சுத்தான். ஆனால் நின்ற வண்டியை நான் எப்படி அவரிடம் கொண்டு போவேன்? நின்ற இடத்தில் மூடியைத் திறப்பேன், பிளக்கைக் கழற்றுவேன், அது ஓடிவிடும். இருபது நிமிடம் போய்விடும். வண்டியில் பிழை இருக்காது.

கடைசி மாதம் வந்தது. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் கொட்டிய மழையில் வண்டியும் நானும் ஊறிப்போய் வீட்டுக்கு வந்தோம். குங்குமமும் நடுவிலிருந்த சந்தனமும் கரைந்து தாங்கியில் சிவப்பாக வழிந்திருந்தது. அன்றிரவே நான் பிளக்குக்குப் போகும் வயரைப் புதிதாக மாற்றினேன். மறுநாள் வெள்ளி. அந்த ஆறு மாதத்தில் முதன்முறையாக வெள்ளியன்று மனைவி வீட்டுக்குத் தூரமாக இருந்ததால் சாமிப் படத்தின் பக்கம் போகவில்லை, பொட்டும் வைக்கவில்லை. நான் அப்படியே புறப்பட்டேன். அன்று வண்டி நிற்கவில்லை. சனிக்கிழமையும் நிற்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், ஒரு நாள்கூட நிற்கவில்லை. வத்தளைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் போய் ஒன்பதரைக்கே கோட்டையில் நின்றேன். தேத்தண்ணிக் கடைக்காரர் என்னைக் கண்டு கையை ஆட்ட, நிற்காமல் கையை ஆட்டிக்கொண்டு போனேன். அந்த ஒரு கிழமைதான் அந்த ஆறு மாதத்தில் நான் மனிதனாக இருந்தது.

"வயரிலைதான் பிழை இருந்திருக்கு," என்று வீட்டில் சொன்னேன். "இனி நிக்காது."

"அப்ப நாங்கள் இஞ்சைதான்," என்றாள்.

"இஞ்சைதான்."

அன்று கடற்கரையில் இருட்டும்வரை இருந்தோம். தகப்பனுக்கு என்ன எழுதுவது என்று அவள் வாயால் எழுதிக் காட்டினாள். கடைசி வரியை அவருடைய செருமலோடு சொல்லிக் காட்டி அவளே சிரித்தாள்.

அடுத்த வெள்ளி முக்கியமான நாள். கப்பல் பின்னேரம் வெளிக்கிடுகிறது, பெரிய சரக்கு, சீட்டுகள் பத்துக்கு முன் வந்தே ஆகவேண்டும் என்று துரை முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று வியாழக்கிழமையே தாங்கி நிரம்பி வழியப் பெற்றோல் அடித்தேன். காலையில் மனைவி தலை முழுகி வந்தாள். போன வெள்ளி தவறிவிட்டது என்று அவளுக்கு மனக்குறை. இரண்டு வெள்ளிக்கும் சேர்த்துச் சந்தனத்தைக் கெட்டியாக உரைத்து, பள்ளம் நிறைய வைத்து, அமுக்கி, குங்குமமும் பெரிதாக இட்டாள். "போயிட்டு வாங்கோ," என்றாள். கேற்றுக்கு வெளியே வந்து நான் வீதி முனையில் திரும்பி மறையும்வரை நின்றாள்.

பம்பலப்பிட்டியைத் தாண்டவில்லை. இருமியது, மூச்சு வாங்கியது, நின்றது. மூடியைத் திறந்தேன், உஸ் என்றது, பெற்றோல் தளும்பியது. பிளக்கைக் கழற்றினேன். சூட்டில் விரல் பொசுங்கியது. தேய்த்துப் பூட்டினேன். காலிமுகத்திடலில் நின்றது. கொட்டாஞ்சேனையில் நின்றது. "ஆயெத், மாத்தயா?" களனிப் பாலத்தின் நடுவில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது. அழுதேன் என்றே எழுதிவிடுகிறேன். பாலத்தில் வண்டில்காரர்களும் சைக்கிள்காரர்களும் பார்த்துக்கொண்டு போக, முப்பது வயது ஆண்பிள்ளை, கழுத்தில் டை கட்டியவன், பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்று அழுதேன். போகும் வழியில் நாலு, வரும் வழியில் மூன்று. கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு மணி அடித்தது.

துரை சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கும் கோபப்பட ஓர் இடம் கிடைத்திருக்கும். மாத முடிவோடு போகலாம் என்றும், நல்ல சான்றிதழ் ஒன்று தருவதாகவும், அதில் நேரம் தவறியதைப் பற்றி எழுதமாட்டேன் என்றும் சொன்னார். அது ஓர் உதவி என்று அவர் உண்மையாகவே நினைத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் குசினியில் நின்றபடி கேட்டாள். அடுப்பைத் தணித்துவிட்டு, "நான் போன வெள்ளி தவறவிட்டிட்டன் என்னப்பா," என்றாள். விசர்க் கதை கதைக்காதையும் என்று அதட்டினேன். இரண்டு மாதம் வேறு கந்தோர்களின் படியேறிப் பார்த்தேன். யுத்தம் முடிந்து ஆட்களைக் குறைக்கிற நேரம். யாரும் இருக்கச் சொல்லக்கூட இல்லை. கடைசியில் மாமனாருக்கு எழுதினேன். அவருடைய பதில் நாலு நாளில் வந்தது. அந்தக் கடிதத்தில் கடைசி வரி இல்லை. கடிதமே கடைசி வரிதான்.

மோட்டார் சைக்கிளை நானா எடுப்பதாகச் சொன்னார். ஒரு காலைநேரம் வெள்ளவத்தைக்கு வந்தார். நான் அதைத் துடைத்து முற்றத்தில் நிறுத்தியிருந்தேன், வழக்கம்போலப் பொட்டைச் சுற்றி வளைத்து. நானா மூடியைப் பார்த்துத் தயங்கினார்.

"தம்பி, கோவிக்க வாணாம். இத எடுத்திட்டுக் கொண்டு போகவா? இல்லாட்டி நீங்களே எடுத்துத் தாங்க."

"நீங்களே எடுங்கோ நானா. இனி என்ன."

நகத்தால் சுரண்டினார். ஆறு மாதச் சந்தனம். படையாக உடைந்து வந்தது. துணியால் துடைத்தார். குனிந்து பார்த்தார். முற்றத்து மூலையில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை முறித்து அந்த ஊசிக்குத்து அடையாளத்துக்குள் விட்டார். அது உள்ளே போனது. அடையாளம் இல்லை, ஓட்டை. ஈர்க்கின் நுனியில் மஞ்சளாகச் சந்தனம் ஒட்டிக்கொண்டு வந்தது.

அவர் குசினிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது மூச்சுப் போற ஓட்டை, தம்பி. பெற்றோல் கீழ எறங்க எறங்க இதாலதான் மேல காத்து போகோணும். இத அடைச்சா பெற்றோல் எறங்காது, நிண்டுரும். மூடியத் தொறந்தா காத்துப் போயிரும், திரும்ப ஓடும். டேங்க் நெறைய இருந்தா உள்ளுக்கு காத்து கொஞ்சம், கெதியா மூச்சு முட்டும்."

மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அந்தக் கடைசி வெள்ளியன்று ஏழு இடத்தில் மூடியைத் திறந்தேன். திறந்து மூடிவிட்டு உடனே உதைத்திருந்தால் போதும். பிளக்கில் ஒன்றுமே இல்லை. எந்தக் காலத்திலும் பிளக்கில் ஒன்றுமே இருந்ததில்லை.

"என்டயும் பிழைதான்," என்றார் நானா. "அண்டைக்கே இத தொடச்சுப் பாத்திருக்கோணும். ஒங்கட சாமி விஷயம், நான் கை வைக்கிற சரியில்ல எண்டு ஓரத்தால புடிச்சுத் தொறந்த." ஈர்க்கை எறிந்துவிட்டு, "நான் எடுக்கல்ல தம்பி. வண்டி நல்ல வண்டி. நீங்களே வெச்சிக்கோங்க," என்றார்.

நல்ல வண்டிதான். வேலை போய்விட்டது, வீட்டுக்காரருக்குச் சொல்லியாயிற்று, சாமான்கள் சாக்கில் கட்டியாயிற்று. நல்ல வண்டியை வைத்துக்கொண்டு சுருட்டுக் கொட்டிலைச் சுற்றி வரவா? கொண்டு போங்கோ என்றேன்.

அந்த நேரம் மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். நாங்கள் பேசியது ஒன்றும் அவள் காதில் விழுந்திருக்கவில்லை. துடைத்த மூடியைக் கண்டாள். அவள் முகம் வாடியதை நானாவும் கண்டார்.

"உங்கட முறையில ஏதும் செய்யிறதெண்டால் செய்து போட்டு ஓட்டுங்கோ," என்றாள் அவரிடம். "நான் வெள்ளிக்கு வெள்ளி வைச்சனான். ஒரே ஒரு வெள்ளிதான் தவறினது. அந்த முறைதான் எங்களைக் கைவிட்டிட்டுது."

நானா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "சரி தங்கச்சி," என்றார் அவர். தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். வண்டி முதல் உதையில் எழும்பியது. காலி வீதியில் ஏறிக் கோட்டைப் பக்கம் திரும்பியது. பஸ் சத்தங்களுக்குள் அது கரையும்வரை நான் கேற்றில் நின்று கேட்டேன். எங்கும் நிற்கவில்லை.

அவளிடம் சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லவேண்டும் என்றுதான் குசினிக்குப் போனேன். தவறவிட்ட வெள்ளிதான் ஓடிய வெள்ளி, தவறாமல் வைத்ததெல்லாம்தான் நிறுத்தியது என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் ஒரு வெள்ளியின் குற்றம் அவள் தலையில். சொன்னால் ஆறு மாதக் குற்றமும் அவள் தலையில். பொட்டைச் சுற்றி வளைத்துத் துடைத்தவன் நான் என்று எத்தனை தரம் சொன்னாலும் அவள் தன் பங்கைத்தான் எடுத்துக்கொள்வாள். நான் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பிறகு கொட்டில்தான். புகையிலை மணம், மாமனாரின் செருமல், அவர் போன பிறகும் அந்த வீட்டில் தங்கிவிட்ட அவருடைய செருமல். என் மனைவி திரும்பவும் மெதுவாகச் சிரிக்கிறவளாகிவிட்டாள். ஒவ்வொரு வெள்ளியும் தவறாமல் பொட்டு வைத்தாள்; தராசுக்கு, சுருட்டுப் பெட்டிக்கு, கதவு நிலைக்கு. காய்ச்சலிலும் எழும்பி வைப்பாள். ஒரு வெள்ளி தவறினால் என்ன நடக்கும் என்று தனக்குத் தெரியும் என்பாள்.

இப்போது அவளுக்குக் கண் தெரிவதில்லை. பத்திரிகையை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இதை எழுதிக்கொண்டிருந்தபோது, என்ன எழுதுகிறேன் என்று கட்டிலிலிருந்து கேட்டாள். உம்முடைய சக்களத்தியைப் பற்றி என்றேன். வாசியுங்கோ கேட்பம் என்றாள். பம்பலப்பிட்டியில் நின்றதை வாசித்தேன். மீன் கூடைகளுக்கு நடுவில் நின்றதை வாசித்தபோது சிரித்தாள். காலிமுகத்திடலையும் தேத்தண்ணிக் கடைக்காரரையும் வாசித்தேன்.

"அந்த ஒரு வெள்ளியை மட்டும் நான் தவறவிடாமல் இருந்திருந்தால்," என்றாள். பிறகு, "மிச்சத்தையும் வாசியுங்கோ," என்றாள்.

"இவ்வளவுதான் எழுதினனான்," என்றேன்.